வேத்தி வீட்டுச் சுவர்கள்

வணக்கம் நேயர்களே. இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் உள்ள பொம்பெய்க்குப் போயிருந்தேன். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது சாம்பலில் புதைந்த ஊர். அங்கே வேத்தி வீடு என்று ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் மூடியே கிடந்து, 2023 ஜனவரியில் மறுபடி திறந்த வீடு.

கான்விவா, ரெஸ்டிட்யூட்டஸ் என்ற இருவருடைய வீடு அது. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்று, பிறகு பணம் சேர்த்தவர்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வாசலைத் தாண்டியதும் வரும் முற்றத்திலேயே, வருகிறவர் கண்ணில் படும்படி பெரிய பணப்பெட்டிகளை வைத்திருந்தார்கள்.

என்னை நகரவிடாமல் பிடித்துக்கொண்டது உள்ளே தோட்டத்தைப் பார்த்த பெரிய அறை. சிவப்புச் சுவர். அதன் கீழ்ப்பகுதியில் குறுகலாக ஒரு கறுப்புப் பட்டை. அதில் சிறகு முளைத்த குட்டிக் குழந்தைகள் வேலை செய்கிறார்கள். ஒருவன் ஊதுகுழலால் உலையை ஊதுகிறான். ஒருவன் தங்கம் தட்டுகிறான். இன்னொரு பக்கம் வாசனைத் தைலத்துக்கு எண்ணெய் பிழிகிறார்கள். செக்கில் ஆப்பு இறங்க இறங்க, இருவர் சம்மட்டியை ஓங்கி அடிக்கிறார்கள். அப்புறம் துணி வெளுப்பவர்கள், ஒயின் விற்பவர்கள். புராணக் கதைகளும் இந்த வீட்டில் நிறையவே உண்டு. ஆனாலும் உழைத்து மேலே வந்த இருவர், விருந்தாளி உட்காரும் அறையில் பட்டறை வேலையை வரையச் சொல்லியிருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இவ்வளவு காலம் நிறம் எப்படி நின்றது? ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் வண்ணம் தீட்டிவிடுவார்கள். காற்று பட்டுச் சுண்ணாம்பு கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். 1894-95-இல் தோண்டி எடுத்த பிறகு, பாதுகாப்பு என்று நினைத்து மெழுகு பூசினார்கள். அது நாளடைவில் படங்களை மங்கடித்துவிட்டது. அந்த மெழுகைப் பொறுமையாக நீக்கியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இன்னொரு சுவரையும் சொல்லியாக வேண்டும். நுழைவாசலில், ஒரு பெண்ணின் உடலுக்கு விலை சொல்லும் கீறல் எழுத்து: யூட்டிகிஸ், கிரேக்கப் பெண், நல்ல குணம், விலை இரண்டு ஆஸ். ஆஸ் என்பது சின்னச் செப்புக்காசு. அதே ஊரில் ஒரு மதுக்கடைச் சுவர், உயர்ந்த ஒயினுக்கு நான்கு ஆஸ் என்கிறது. வெளியே வரும்போது அந்த வாசலில் நின்று, அவள் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொன்னேன்.