இந்த ஊரில் யார் வாசிக்கிறார்கள்?

வணக்கம் நேயர்களே. வண்டியை எடுத்துக்கொண்டு நாலைந்து நாள் தூரப் பயணம் போகிறவர்களில் சிலர் வழியில் மலை பார்ப்பார்கள், சிலர் அருவி பார்ப்பார்கள். நான் ரெக்கார்டு கடை பார்ப்பேன். அதுவும் ஹெவி மெட்டல் என்ற கனமான, உரத்த ராக் இசை வைத்திருக்கும் கடை, ஒருவரோ இருவரோ சொந்தமாக நடத்துகிற சின்னக் கடை. இருபது வருடமாக இப்படித்தான் போகிறேன், அதைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களிடம் பேசப்போகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்குள் நுழைந்ததும் தேட வேண்டிய ஆல்பங்களின் பட்டியலைக் கையில் எடுக்காதீர்கள். அந்தப் பட்டியலில் இருப்பதில் முக்கால்வாசி எப்படியும் கிடைத்துவிடும். மெட்டலைத் தொடங்கிவைத்த பேண்டுகளில் ஒன்றான பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தது, இன்றுவரை திரும்பத் திரும்ப அச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது. 2022இல் அமெரிக்காவில் வினைல் ரெக்கார்டு ஆல்பங்கள் எண்ணிக்கையில் சிடியைத் தாண்டின, 1987க்குப் பிறகு அதுதான் முதல் முறை. அந்த அலையில் பழைய பெரிய ஆல்பங்களின் மறுபதிப்புகள் வந்து அடுக்குகளை நிறைத்துவிட்டன. நல்லதுதான், புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு அவை வேண்டும். ஆனால் அதற்காக முந்நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டியதில்லை. நேராகக் கல்லாவுக்குப் போங்கள். அங்கே இருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஊரில் யார் வாசிக்கிறார்கள்?" அதாவது, மெட்டல் வாசிக்கிற உள்ளூர் பேண்டுகள் எவை என்று.

இந்தக் கேள்வியைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அதுவரை எதையோ எழுதிக்கொண்டே பேசியவர் எழுந்துவிடுவார். கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு அட்டைப் பெட்டி வரும், இல்லாவிட்டால் சுவரோரத்தில் நாம் கவனிக்காமல் தாண்டி வந்த ஒரு தட்டைக் காட்டுவார். உள்ளே ஜெராக்ஸ் எடுத்த அட்டையோடு கேசட்டுகள், ஏழு அங்குல ரெக்கார்டுகள், வீட்டிலேயே பதிவு செய்து மேலே மார்க்கரில் பெயர் எழுதிய சிடிக்கள். சிலவற்றை நூறு பிரதிகூடப் போட்டிருக்க மாட்டார்கள். பேண்டில் இருக்கும் பையன்கள் பத்துப் பிரதியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள், விற்றால் கடைக்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார், விற்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும். அந்த இசை அந்தப் பெட்டியை விட்டு வெளியே வராமலே போகலாம். யார் எந்த பேண்டிலிருந்து பிரிந்து வந்தார்கள், எந்த ட்ரம்மர் ஒரே நேரத்தில் மூன்று பேண்டுக்கு வாசிக்கிறார், எது பதிவில் சுமாராக இருந்தாலும் மேடையில் கேட்டால் உடம்பு சிலிர்க்கும் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே நின்றால் அரை மணி நேரம் போவது தெரியாது.

மெட்டல் வளர்ந்ததே இப்படிப்பட்ட கல்லாக்களில்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் பிரையன் ஸ்லேகல் என்ற இளைஞர் ஓஸ் ரெக்கார்ட்ஸ் என்ற கடையில் வேலை பார்த்தார். இங்கிலாந்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த மெட்டல் ரெக்கார்டுகளை ஆசை ஆசையாக விற்றவர், தன் ஊர் பேண்டுகளை மட்டும் யாரும் ரெக்கார்டில் போடவில்லையே என்று அவர்களைச் சேர்த்து 1982இல் மெட்டல் மாஸகர் என்ற தொகுப்பைத் தானே வெளியிட்டார். பின்னால் உலகப் புகழ் பெற்ற மெட்டாலிகா பேண்டு முதன்முதலில் ரெக்கார்டில் வந்தது அதில்தான். முதல் பதிப்பில் அவர்கள் பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக அச்சாகிவிட்டது, இன்றைக்கு அந்தப் பிரதியைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. இப்போதும் நடக்கும் மெட்டல் பிளேட் லேபிள், அதாவது ரெக்கார்டு வெளியிடும் நிறுவனம், அந்தத் தொகுப்போடு தொடங்கியதுதான்.

அதே மெட்டாலிகாவின் அடுத்த கதை எனக்கு இன்னும் பிடிக்கும், ஏனென்றால் அதில் நெடுஞ்சாலையும் இருக்கிறது. நியூஜெர்சியில் ஜான் ஸசூலா, மார்ஷா ஸசூலா என்ற கணவன் மனைவி, பழைய பொருள் விற்கும் சந்தை ஒன்றுக்குள் ராக் அண்ட் ரோல் ஹெவன் என்று ஒரு ரெக்கார்டு கடை போட்டிருந்தார்கள். மெட்டாலிகா மாதிரிக்குப் பதிவு செய்த டெமோ கேசட் ஒன்று கை மாறி கை மாறி அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தது. கேட்டார்கள், விட மனம் வரவில்லை, பேண்டையே வரச் சொல்லிவிட்டார்கள். 1983இன் முற்பகுதியில் அந்தப் பையன்கள் வாடகை டிரக்கில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை ஓட்டியே வந்தார்கள். ஸசூலா தம்பதி மெகாஃபோர்ஸ் என்ற லேபிளைத் தாங்களே தொடங்கி அதே வருடம் ஜூலையில் மெட்டாலிகாவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். சந்தைக்குள் இருந்த ஒரு கடைக்கு ஒரு கேசட் வந்தது, அதைக் கேட்கக் கல்லாவில் இரண்டு பேர் இருந்தார்கள். தொடக்கம் அவ்வளவுதான்.

பிரேசிலின் பெலோ ஹொரிசோன்ச்சி நகரத்தில் கொகுமேலோ என்பதும் ரெக்கார்டு கடைதான். 1985இல் அந்தக் கடையே லேபிளாகி ஒரு ரெக்கார்டை வெளியிட்டது: ஒரு பக்கம் ஓவர்டோஸ், மறுபக்கம் செபுல்டுரா, இரண்டுமே அதே ஊர் பேண்டுகள். எல்லாக் கதையும் இனிமையாக முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்லோவில் மேஹெம் பேண்டின் கிடாரிஸ்ட் ஓய்ஸ்டைன் ஆர்செத் 1991இல் ஹெல்வேட்டே என்ற கடையைத் திறந்தார். நார்வேயில் பிளாக் மெட்டல் என்ற மெட்டல் வகையின் பெரும்பகுதி அந்தக் கடையைச் சுற்றிக் கூடியவர்களிடமிருந்துதான் வந்தது. தேவாலயங்களுக்குத் தீ வைத்தவர்களும் அதே கூட்டத்தில்தான் இருந்தார்கள். 1993இல் ஆர்செத் கொலை செய்யப்பட்டார், அந்த வருடத்தோடு கடையும் இல்லாமல் போனது. ஒரு சின்னக் கடை தன்னைச் சுற்றி எத்தனை பேரை இழுத்துக்கொள்ளும் என்பதற்கு அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், லோகோ. டெத் மெட்டல், பிளாக் மெட்டல் வகைகளில் பேண்டின் பெயரை முட்புதர் மாதிரி, வேர்கள் பின்னிக்கிடக்கிற மாதிரி வரைந்திருப்பார்கள், பல உறைகளில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியாது. படிக்கவே முடியாத பெயரை எங்கே போய்த் தேடுவீர்கள்? கடைக்காரர் வடிவத்தைப் பார்த்தே பெயரைச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, இது பிடித்தால் அதுவும் பிடிக்கும் என்று இன்னொன்றை நீட்டுவார். என் காது மாறியதே அப்படி ஒரு நாளில்தான். பத்து வருடம் த்ராஷ் என்ற வேகமான மெட்டல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு மலைப்பாதை இறங்கி வந்த ஊரில் ஒரு கடையில் நின்று எனக்குப் பிடித்த பாட்டுகளைச் சொல்லிக்கொண்டே போனேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் சொன்னது எல்லாமே நடுவில் வேகம் குறைகிற பாட்டாக இருக்கிறதே" என்றார். என் கையில் இருந்த ரெக்கார்டை மெதுவாக வாங்கி அடுக்கில் திரும்ப வைத்துவிட்டு, ஸ்வீடன் பேண்டான கேண்டில்மாஸை எடுத்துப் போட்டார். அந்த மெதுவான, கனமான கிடார் கடையின் தரைப்பலகை வழியாக என் காலுக்கு வந்தது. எனக்கு என்ன பிடிக்கும் என்று என்னைப் பார்த்துப் பத்து நிமிடம்கூட ஆகாத ஒருவர் சொல்லிவிட்டார். டூம் மெட்டல் என்ற அந்த மெதுவான வகை இன்றைக்கு என் வீட்டு அலமாரியில் பாதி.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். கிளம்பும் முன் கடைக்கு ஃபோன் செய்து கேட்டுவிடுங்கள். ஒரே ஆள் நடத்தும் கடை அவருக்கு உடம்பு முடியாவிட்டால் பூட்டித்தான் இருக்கும், வாரத்தில் நாலு நாள் மட்டும், மதியத்துக்கு மேல் மட்டும் திறக்கிற கடைகளும் நிறைய. ஊரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போகலாம். என்சைக்ளோபீடியா மெட்டாலம் என்று 2002இலிருந்து ரசிகர்களே சேர்ந்து வளர்த்துவரும் ஒரு தளம் இருக்கிறது, அதில் ஊர்ப் பெயரைப் போட்டே பேண்டுகளைத் தேடலாம். இரண்டு பெயரைத் தெரிந்துகொண்டு போய்க் கேட்டால் பேச்சு இன்னும் ஆழமாகப் போகும். ரெக்கார்டு ஸ்டோர் டே என்று வருடத்துக்கு ஒரு நாள் கொண்டாடுகிறார்கள், 2008 ஏப்ரல் 19இல் முதல் முறை நடந்தபோது மெட்டாலிகாவே ஒரு கடைக்கு நேரில் வந்து தொடங்கிவைத்தது. கடைகளுக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம், அது அவர்களுக்கு வேண்டும். ஆனால் பயணத்துக்கு அந்த நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வாசலில் வரிசை நிற்கும், கடைக்காரருக்கு உங்களிடம் பேச நேரம் இருக்காது. மழை பெய்கிற செவ்வாய்க்கிழமை மதியம்தான் நல்ல நேரம்.

மெட்டலுக்கென்றே இருக்கும் கடையில் எங்கே தேடுவது என்ற குழப்பம் இல்லை. எல்லா இசையும் விற்கும் பழைய ரெக்கார்டு கடையில்தான் கண் வேண்டும். மெட்டலைப் பெரும்பாலும் கடைசிச் சுவரில் வைத்திருப்பார்கள், தரையில் இருக்கும் பெட்டிகளைக் குனிந்து பார்க்காமல் வராதீர்கள், யாரோ ஒருவர் தன் சேகரிப்பை மொத்தமாக விற்றிருந்தால் அது பிரித்து அடுக்கப்படாமல் அப்படியே அங்கே இருக்கும். எந்தப் பதிப்பு என்று தெரிய வேண்டுமானால் உறையை நம்பாதீர்கள். ரெக்கார்டை வெளியே எடுத்து, கடைசிப் பாட்டு முடியும் இடத்துக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளுக்கும் இடையே இருக்கிற வழுவழுப்பான வளையத்தைப் பாருங்கள். அங்கே கீறியிருக்கும் எண்தான் சரியான அடையாளம். சில ரெக்கார்டுகளில் எண்ணுக்குப் பக்கத்தில் பேண்டோ, ரெக்கார்டின் மூல அச்சில் தடத்தை வெட்டிய தொழில்நுட்பரோ ஒரு வரி செய்தியும் கீறி வைத்திருப்பார்கள். எடுத்துப் பார்க்கும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள், ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் தொடுங்கள்.

வாங்கியதை வண்டியில் வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், இதில் எனக்கு ஒரு இழப்பு இருக்கிறது. வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக். 60 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே இளக ஆரம்பிக்கும், வெயிலில் நிறுத்திய வண்டியில் கண்ணாடியை ஒட்டிய இடங்கள் அந்தச் சூட்டுக்குச் சுலபமாகப் போய்விடும். ஒரு முறை பின்கண்ணாடிக்குக் கீழே இரண்டு ரெக்கார்டுகளை வைத்துவிட்டு இறங்கிப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டும் அலை அலையாக நெளிந்திருந்தன. ஒன்று பிரபலமான ஆல்பம், அடுத்த மாதமே வேறு பிரதி வாங்கிவிட்டேன். இன்னொன்று அந்த ஊர் பேண்டின் ஏழு அங்குலம். பேண்டு எப்போதோ கலைந்துவிட்டது, பெட்டியில் அதுதான் கடைசிப் பிரதி என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். அதில் என்ன இருந்தது என்று ஒரு முறைகூட நான் கேட்கவில்லை. அதனால் சொல்கிறேன், ரெக்கார்டுகளைப் பெட்டியில் செங்குத்தாக, சாயாத அளவுக்கு நெருக்கமாக வைத்து, முன் இருக்கைக்குப் பின்னால் தரையில் வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காதீர்கள். வண்டியை நீண்ட நேரம் விட்டுப் போவதானால் பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. அந்த ஊர்ப் பெட்டியில் எது மனதுக்குப் பிடிக்கிறதோ அதில் இரண்டு பிரதி வாங்குவேன். ஒன்று எனக்கு, ஒன்று அடுத்த ஊர்க் கடைக்கு. எண்பதுகளில் மெட்டல் ரசிகர்கள் டெமோ கேசட்டுகளைப் பிரதி எடுத்துத் தபாலில் நாடு விட்டு நாடு அனுப்பிக்கொண்டார்கள், பல பேண்டுகளுக்கு லேபிள் கிடைக்கும் முன்பே வெளிநாட்டில் ரசிகர்கள் இருந்தது அதனால்தான். நான் தபால்காரர் வேலையைக் கொஞ்சம் என் வண்டியில் செய்கிறேன்.

போன பயணத்தில் ஒரு கேசட். நாலு பாட்டு, கறுப்பு வெள்ளை அட்டை, எங்கோ ஒரு கார் ஷெட்டில் பதிவு செய்த மாதிரி ட்ரம்ஸ், ஆனால் அந்தக் குரலில் பொய் இல்லை. என் பிரதியை வண்டியில் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டபடியே ஓட்டினேன். இருநூறு கிலோமீட்டர் தள்ளி அடுத்த கடையில் இன்னொரு பிரதியைக் கல்லாவில் வைத்து, இது உங்களுக்கு, விற்பதானாலும் சரி, வைத்துக்கொள்வதானாலும் சரி என்றேன். கடைக்கார அம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டை நிறுத்தி அதைப் போட்டார்கள். பின்சுவரில் ரெக்கார்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களின் கை இரண்டாவது பாட்டில் நின்றது. ஒருவன் கல்லாவுக்கு வந்து, "யார் இது?" என்றான். அந்த அம்மா அட்டையை அவனிடம் கொடுத்தார்கள். தலையைச் சாய்த்துச் சாய்த்து லோகோவைப் படிக்கப் பார்த்தான், முடியவில்லை. நான் பெயரைச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.