முல்லி தம்பதியரின் கிணறும் பீன்ஸ் தோட்டமும்

வணக்கம். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வெளியிலிருந்து யாராவது வந்தால்தான் விடிவு என்று சென்ற காணொளியின் கீழே சிலர் எழுதியிருந்தது என்னை மிகவும் வருத்தியது. பசித்த குழந்தையின் முகத்தைக் காட்டிப் பணம் திரட்டும் விளம்பரங்களை நான் எவ்வளவு வெறுக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இன்று கென்யாவின் சார்லஸ் முல்லி, எஸ்தர் முல்லி தம்பதியரைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன்.

எல்டோரெட் நகரில் மட்டாட்டு எனப்படும் பயணிகள் வேன்களை ஓட்டிச் செல்வரானவர் சார்லஸ். 1986இல் நைரோபியில், காரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் காசு கேட்ட தெருச் சிறுவர்களுக்கு அவர் எதுவும் கொடுக்கவில்லை. திரும்பி வந்தபோது காரைக் காணவில்லை. போன காரைவிட அந்தச் சிறுவர்களே அவர் மனத்தை அலைக்கழித்தார்கள். 1989இல், இறைவன் தமக்கு இட்ட பணி இதுதான் என்ற உறுதியோடு தொழிலைக் கைவிட்டு, தெருப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துவரத் தொடங்கினார். முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று: அவரே ஆறு வயதில் குடும்பத்தால் கைவிடப்பட்டவர், பிழைப்புத் தேடி நைரோபிக்குச் சென்ற அவருக்கு வேலை கொடுத்தது ஓர் இந்தியக் குடும்பம்.

பெயர் பரவியது கணவருக்குத்தான். ஆனால், தாம் பெற்ற எட்டுப் பிள்ளைகளோடு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் தாயாக நின்ற எஸ்தர் இசைந்திராவிட்டால் இது ஒரு மாதம்கூட நடந்திராது என்பேன்.

இடம் போதாமல் போனபோது, தாம் பிறந்த காம்பா மக்களின் மச்சாகோஸ் பகுதியில், என்டலானியில் இருந்த தம் நிலத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுசென்றார்கள். மழை பொய்க்கும் வறண்ட பூமி அது. நல்ல தண்ணீர் இல்லாமல் பிள்ளைகள் நோயுற்றார்கள். இரவில் மனைவியோடு வேண்டிக்கொண்டபோது இறைவன் காட்டியதாகச் சார்லஸ் சொல்லும் இடத்தில் தோண்டினார்கள், தண்ணீர் வந்தது. நம்பிக்கை இல்லாதவர்களும் அந்தக் கிணற்றின் விளைவை மறுக்க முடியாது.

அந்த மண்ணில் அவர்கள் பீன்ஸ் பயிரிட்டு ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள் என்பதுதான் எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி! என் மாடித் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பீன்ஸ் எவ்வளவு பிடிவாதமான செடி என்று. பூக்கும் நேரத்தில் ஈரம் குறைந்தால் பூ உதிர்ந்துவிடும். காய்க்கத் தொடங்கிய பிறகு ஓரிரு நாள் பறிக்கத் தவறினால் உள்ளே விதை திரண்டு, காய் நாராகி, ஏற்றுமதிக்கு உதவாமல் போய்விடும். தண்ணீரும் ஆள்கட்டும் ஒருசேர இருந்தால்தான் இது கைகூடும். நன்கொடைகளும் அவர்களுக்கு வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் கையேந்துவதோடு நிற்காமல், நிலத்தை விளையவைத்து, இலட்சக்கணக்கில் மரங்களையும் நட்டிருக்கிறார்கள்.

யாட்டாவில் இளம் தாய்மார்களுக்கென்று அவர்கள் நடத்தும் மையத்தைப் பற்றி அடுத்த காணொளியில் விரிவாகப் பேசுகிறேன்.