பிச்சிச் செடியோடு வந்த பாம்பு

வணக்கம் மக்களே. இன்றைக்கு நெத்திலி அவியல் என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன். நெத்திலி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். காலையில் பக்கத்து வீட்டு மாமா துடைப்பத்தோடு ஒரு பாம்பை அடிக்க வந்தார். அந்தப் பாம்பு என் காசில் வீட்டுக்கு வந்தது.

போன வாரம் குலசேகரம் போகிற வழியில் ஒரு நர்சரியில் பிச்சிச் செடி வாங்கினேன், ஞாபகம் இருக்கா? 180 சொன்னார், நான் 140 கேட்டேன், 160இல் முடிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று வண்டியில் ஏறினால், "தொட்டிக்கு 120 தனி" என்கிறார். பிளாஸ்டிக் தொட்டி! வடசேரியில் இதே தொட்டி 80 ரூபாய். அந்த 40 ரூபாயில் ரெண்டு டீயும் ஒரு பழம்பொரியும் முடித்திருப்பேன்.

சரி, பாம்புக்கு வருகிறேன். ராத்திரி நல்ல மழை. காலையில் தொட்டியின் அடி ஓட்டையிலிருந்து கறுப்பாக ஒன்று நெளிந்து வந்தது. ஒரு சாண்கூட இல்லை, ஷூ லேஸ் தடிமன். "ஐயோ, செவிப்பாம்பு! காதுல ஏறிரும்" என்று அம்மா காதைப் பொத்திக்கொண்டார். மாமா துடைப்பத்தை ஓங்குவதற்குள் நான் ஒரு சிரட்டையை எடுத்து அதன்மேல் கவிழ்த்துவிட்டேன்.

இது புழுப்பாம்பு. மண்புழு என்றால் வளையம் வளையமாக இருக்கும், பிசுபிசுக்கும். இதைக் கையில் விட்டேன், காய்ந்த வழுவழுப்பு. நாக்கை நீட்டி நீட்டி இழுக்கிறது. கண் என்பது செதிலுக்கு அடியில் ரெண்டு கறுப்புப் புள்ளி. விஷம் கிடையாது. எறும்பு, கரையானின் முட்டையும் குஞ்சுப் புழுவும்தான் சாப்பாடு, அம்மாவின் காதில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

எனக்குப் பிடித்தது இதுதான்: இதில் எல்லாமே பெண். துணையில்லாமலே முட்டையிடும். தொட்டி மண்ணில் ஒன்றே ஒன்று போனாலும் போதும், புது ஊரில் குடும்பமாகிவிடும். சொந்த ஊர் நம் தெற்காசியாதான், ஆனால் ஹவாய், புளோரிடா, ஆஸ்திரேலியா எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் இதற்குப் பூந்தொட்டிப் பாம்பு என்றே ஒரு பெயர் உண்டு. நம் பையன்கள் கல்ஃப் போக ஏஜெண்டுக்கு எவ்வளவு அழுகிறார்கள், இது தொட்டியில் உட்கார்ந்தே போயிருக்கிறது!

வாலைச் சொல்ல மறந்துட்டேன். நுனியில் சின்ன முள் ஒன்று, அதை என் உள்ளங்கையில் குத்திப் பார்த்தது. "கொட்டிட்டா?" என்று மாமா பதறினார். கொட்டாது, மண்ணுக்குள் உந்திப் போகத்தான் அது. தலை எது வால் எது என்று சட்டெனத் தெரியாது. 1796இல் பேட்ரிக் ரசல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் விசாகப்பட்டினத்தில் கிடைத்த இதே பாம்பைப் படம் போட்டபோது குறித்துக்கொண்ட தெலுங்குப் பெயரே ரெண்டு தலைப் பாம்பு என்றுதான். உடனே நம்ம இருதலைமூரியா என்று கேட்காதீர்கள். அது தடியான மண்ணுளிப் பாம்பு, வேறு இனம்.

கடைசியில் தொட்டியிலேயே விட்டேன், ரெண்டு நொடியில் மண்ணுக்குள் போய்விட்டது. மாமா போகவில்லை. "கரையான் முட்டை தின்னுமா? எங்க வீட்டு வாசல் நிலை பூரா கரையான். ஒண்ணு தாயேன்" என்கிறார்.

தொட்டிக்கு 120 தனி மாமா என்றேன்.