கதவை உடைக்கிற பாட்டில் அந்தச் சத்தம் எங்கே போனது?

[திரை இருட்டு. பழைய பதிவின் முதல் வரி மட்டும் ஒலிக்கிறது.]

இது வங்காளப் பாட்டு. அர்த்தம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இன்னொரு தடவை கேளுங்கள்: 'காரார் ஓய் லௌஹ கொபாட்'. கொபாட் வேறொன்றுமில்லை, நம்ம கபாடம்தான். சிறையின் அந்த இரும்புக் கதவை உடைத்துத் தள்ளு என்கிறது பாட்டு, மெட்டும் கூடவே உடைக்கிறது, ஒவ்வொரு சொல்லும் சம்மட்டி அடி மாதிரி விழுகிறது.

எழுதியவர் வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம். 1921 டிசம்பரில் விடுதலைப் போராட்டத் தலைவர் சித்தரஞ்சன் தாஸைச் சிறையில் போட்டார்கள். அவர் பத்திரிகையை எடுத்து நடத்திய மனைவி பாசந்தி தேவி கேட்டதற்காக நஸ்ருல் எழுதிக் கொடுத்தது இது, அப்போது அவருக்கு 22 வயது. அடுத்த வருஷமே அவரும் கைதாகி, உள்ளே ஒரு மாதத்துக்கும் மேல் உண்ணாவிரதம் இருந்தார். பாட்டு இருந்த புத்தகத்தை வெள்ளைக்கார அரசு தடை செய்தது. அப்புறம் 1971-ல் வங்கதேச விடுதலைப் போர் நடந்தபோது சுதந்திர வங்க வானொலியில் இதே பாட்டு ஒலித்தது.

சரி, 2023 நவம்பர். அந்த 1971 போரை வைத்து எடுத்த 'பிப்பா' படம் அமேசான் பிரைமில் வந்தது. இசை ரஹ்மான், உள்ளே இந்தப் பாட்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவ்வளவு ஆசையாக உட்கார்ந்தேன்.

[புதிய பதிவு, சில நொடிகள்.]

வரிகள் அதேதான், மெட்டு வேறு. அறுவடை முடிந்த ராத்திரி ஊரே கூடிப் பாடுகிற மாதிரி ஒரு துள்ளல். தனியாகக் கேட்டால் அழகான மெட்டுதான், ஆனால் வாய் 'உடை' என்று சொல்கிறது, தாளம் ஆட வா என்று கூப்பிடுகிறது. எனக்கு மனசு விட்டுப்போனது அந்த இடத்தில்தான்.

பாரதி பாட்டுக்கு ஆளாளுக்கு மெட்டுப் போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டார்கள், நாமும் ரசித்தோம், ஏனென்றால் பாரதி நமக்கு முதலில் கவிதையாகத்தான் கையில் கிடைக்கிறார். நஸ்ருல் அப்படியில்லை. அவர் இசையமைப்பாளரும்கூட, அவர் பாட்டுகளை 'நஸ்ருல் கீதி' என்று தனி மரபாகவே வங்காளிகள் பாடி வருகிறார்கள், அதில் மெட்டைக் கழற்றினால் பாதிப் பாட்டு போய்விடும். கொல்கத்தா, டாக்கா இரண்டு பக்கமும் கோபம் கிளம்பியது. குடும்பத்தில் அனுமதி வாங்கித்தான் செய்தோம் என்று விளக்கம் சொன்ன படக்குழு, மனம் புண்பட்டவர்களிடம் மன்னிப்பும் கேட்டது. மெட்டை மாற்ற நாங்கள் சம்மதிக்கவே இல்லை என்றது குடும்பம்.

இதே ரஹ்மான் 1997-ல் 'தாய் மண்ணே வணக்கம்' தந்தார். வந்தே மாதரம் என்ற பழைய முழக்கத்தை எடுத்துக்கொண்டு புது வரி, புது மெட்டு என்று முழுசாக இன்னொரு பாட்டையே கட்டினார், யாருடைய பாட்டும் அதில் இடம் இழக்கவில்லை. அந்த வழி அவருக்குத் தெரியாததா?

கிரின் சக்ரவர்த்தி பழைய மெட்டில் பாடிய 1949 இசைத்தட்டை இப்போது முழுசாகப் போடுகிறேன், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.