ஐம்பதிலும் வளையும்

(சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக் கூட்டத்தில் பேசியது)

கனம் பொருந்திய சேகர குருவானவர் ஐயா அவர்களே, ஐயரம்மா அவர்களே, பக்கத்துச் சேகரத்திலிருந்து வந்திருக்கும் குருவானவர்களே, சபை ஊழியர் அவர்களே, கமிட்டி அங்கத்தினர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அம்மா அவர்களே, பாடகர் குழுவினரே, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பந்தல் போட்ட வாலிபர் சங்கத்தாருக்கும், விடியற்காலையிலிருந்து அசன அடுப்படியில் புகை தின்றுகொண்டிருக்கிறவர்களுக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் பந்தியில் என்னோடு சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்ததைச் சொல்கிற எரேமியா 18-ஆம் அதிகாரத்தைப் பேசச் சொன்னார்கள். குயவன் வீட்டுக் காரியத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். மண் பிசையப்படுவது, சக்கரத்தில் சுற்றுவது, சூளையில் வேகுவது.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பார்கள். பிரம்பை எடுக்கும்முன் இதைச் சொல்லாத வாத்தியார் கிடையாது. நானும் வாத்தியார்தான். ஆனால் எரேமியா பார்த்த குயவனுக்கு இந்தப் பழமொழி தெரியாது போலிருக்கிறது. பாண்டம் அவன் கையிலேயே கெட்டுப்போகிறது. அவனோ அதே மண்ணை எடுத்துத் திரும்ப வேறே பாண்டமாக வனைகிறான். ‘வேறே பாண்டமாக’ என்கிற இடத்தில்தான் நமக்குக் கஷ்டம். “ஆண்டவரே, என்னை உருவாக்கும்” என்று கண்ணீரோடு ஜெபிப்போம். எந்த உருவம் வேண்டும் என்பதையும் நாமே எழுதிக் கொடுத்துவிடுவோம். பையனுக்கு இந்த வேலை, பெண்ணுக்கு அந்த வரன், வீட்டுக்கு மாடி. இதற்கு ஒப்புக்கொடுத்தல் என்று பெயர் வைத்திருக்கிறோம்!

டாக்டர் மேரி வர்கீஸ் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். 1925-இல் கேரளத்தில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். 1954-இல் ஒருநாள், கூட வேலை செய்கிற டாக்டர்களோடு உல்லாசமாக வெளியே கிளம்பினார். வண்டி கவிழ்ந்தது. முதுகுத்தண்டில் அடி. முகத்திலும் காயம். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. வயது முப்பதுகூட ஆகவில்லை. மாதக்கணக்கில் படுக்கை. அதுவரை நோயாளிகளைப் பார்த்து நடந்த வார்டிலே இப்போது அவரே நோயாளி.

கர்த்தர்தான் வண்டியைக் கவிழ்த்தார் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப் பிரசங்கம் செய்கிறவர்களோடு எனக்கு ரொம்ப நாள் சண்டை.

அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். நம்முடைய கொல்லிமலையில் மிஷனரி வீட்டில் பிறந்தவர். தொழுநோயால் விரல் மடங்கிப்போனவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து, கையைத் திரும்ப உழைக்கிற கையாக்கியவர். கையில் செய்கிற அறுவை சிகிச்சைக்கு நிற்க வேண்டியதில்லையே, உட்கார்ந்தே செய்யலாமே என்ற யோசனை அவரிடமிருந்துதான் வந்தது. கேட்டவுடனே துள்ளிக் குதிக்க இது சினிமா இல்லை. கத்தி பிடிக்கும்முன், சாயாமல் உட்காரவே அந்த அம்மா பழக வேண்டியிருந்தது. அப்புறம் சக்கர நாற்காலியை அறுவை மேசையோடு ஒட்டிப் போட்டு, தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். யோசித்துப் பாருங்கள். இனி நமக்கு வாழ்க்கையே இல்லை என்று படுத்திருக்கிற நோயாளி, சக்கர நாற்காலியில் உருண்டு வருகிற டாக்டரைப் பார்க்கிறான். அதற்குமேல் பிரசங்கம் வேண்டுமா?

அதோடும் நிற்கவில்லை. நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1963-இல் வேலூரில் அந்தத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. தண்டுவடம் அடிபட்டவர்கள் அங்கே மறுபடி வாழப் பழகுகிறார்கள். இன்றைக்கு அது அவர் பேரிலேயே இருக்கிறது. 1972-இல் பத்மஸ்ரீ. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? குயவன் கையில் கொடுத்தால் வளையும் ஐயா!

சரி, அந்த அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலுக்கு ஆராதனைக்கு வந்திருந்தால் எப்படி உள்ளே வந்திருப்பார்? வாசலில் ஐந்து படி. சாய்தளம் கிடையாது, கைப்பிடிக் கம்பிகூடக் கிடையாது. நம் சபையில் நடக்கமுடியாத தாய்மார், குருவானவர் எப்போது வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுப்பார் என்று காத்திருக்கிறார்கள். கப்பர்நகூமில் நடக்கமுடியாத திமிர்வாதக்காரனை இயேசுவிடம் சுமந்து வந்த நாலு பேர், கூட்டத்தில் வழி கிடைக்காமல் அடுத்தவன் வீட்டுக் கூரையையே பிரித்தார்கள். நாம் சாய்தளம் என்றவுடன் முகப்பு அழகு கெட்டுவிடும் என்கிறோம். கமிட்டிப் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்களும் ஐம்பதைத் தாண்டியவர்கள்தான், கொஞ்சம் வளையலாம்.

கணக்கு எளிது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது பொதுவான விதி. நம் படிகள் இரண்டரை அடி உயரம். அப்படியானால் முப்பதடி. வேப்பமரத்துப் பக்கம் இடம் இருக்கிறது, மரத்தை வெட்டவேண்டாம். பொதுமக்கள் வந்துபோகிற கட்டடங்களில் இந்த வசதி வேண்டுமென்று 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது. சட்டம் சொல்லித்தான் சபை செய்யவேண்டுமா என்பது வேறு விஷயம்.

சூளையைப் பற்றிச் சொல்லவே இல்லை. ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், கறி வாசனையும் வந்துவிட்டது, அது அடுத்த பண்டிகைக்கு இருக்கட்டும். சிமெண்டுக்கு ஒரு சகோதரர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஜல்லி, மணல், கொத்தனார் கூலி பாக்கி. பந்தி நடக்கிற இடத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், பேனாவும் நூலில் கட்டியிருக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவியவுடன் அந்தப் பக்கமாக வாருங்கள்.