பெயரைப் போடட்டுமா?

வணக்கம் நேயர்களே.

இருபது வருடங்களாக வெள்ளவத்தையில் இருந்துகொண்டு வெளிநாட்டு ஊடகங்களுக்குச் செய்தி சேகரித்துக் கொடுத்து வருகிறேன். என் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதைப் பற்றிப் பேசத்தான் இந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்கினேன்.

எங்களை ஃபிக்ஸர் என்பார்கள். வான் பிடிப்பதும், மொழிபெயர்ப்பதும், ஆளைத் தேடிப் பேச வைப்பதும் ஒரே ஆளின் வேலை. கூலி வாய்ப்பேச்சில் முடிந்துவிடும். ஒப்பந்தமோ காப்புறுதியோ கிடையாது. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து சில மாதங்களிலேயே முந்நூற்றறுபதுக்குப் போனதே, அந்த நேரம் ரூபாயில் பேசிய கூலி எனக்கு ரூபாயிலேயே வந்தது, அதுவும் மூன்று மாதம் கழித்து. பாணும் பருப்பும் எங்கே போய் நின்றன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காசை விடுங்கள். போரின் முடிவில் இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் கொட்டகை போட்டுப் போராட்டம் தொடங்கினார்கள். சில மாதங்கள் கழித்து ஒரு வெளிநாட்டு நிருபரை அங்கே கூட்டிப்போனேன். அவருக்கு அன்றிரவே கொழும்பு திரும்ப வேண்டும். ஓர் அம்மா தேநீர் தந்தார். குடித்து முடிக்கும்வரை எதுவும் கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பிறகு அந்த அம்மா பேசினார். "தம்பி, காணாமல் போனோர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் பிள்ளை தானாகப் போகவில்லை. நான்தான் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைத்தேன். காணாமல் ஆக்கப்பட்டோர் என்று எழுதுங்கள்." அந்த ஒரு சொல்லை ஆங்கிலத்தில் விளக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. நிருபர் கவனமாகக் குறித்துக்கொண்டார். கட்டுரை வந்தபோது 'காணாமல் போனோர்' என்றே இருந்தது. இடம் போதவில்லையாம். கட்டுரையின் அடியில்கூட என் பெயர் இல்லை. ஆனால் அந்த அம்மாவிடம் என் தொலைபேசி இலக்கம் இருந்தது. பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே.

பெயர் போடாதது உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள். அதிலும் பாதி உண்மை உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசிக்குச் செய்தி தந்த மயில்வாகனம் நிமலராஜனின் குரல் வீடு வீடாகத் தெரிந்த குரல். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் திகதி, ஊரடங்கு வேளையில், அவருடைய வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஆபத்தே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 2001இல் வன்னியிலிருந்து திரும்பும் வழியில் அமெரிக்க நிருபர் மேரி கொல்வின் ஒரு கண்ணை இழந்தார். ஆனால் வேலை முடிந்ததும் அவர்களுக்குக் கட்டுநாயக்காவில் ஒரு விமானம் இருக்கிறது. விசாரிக்க வருகிறவர்கள் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள், பத்திரிகையில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்படியிருக்க, பெயரைப் போடட்டுமா வேண்டாமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதில் என்ன குறைந்துவிடும்? இத்தனை வருடத்தில் இரண்டே பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை வேண்டாம் என்றேன், ஒருமுறை போடுங்கள் என்றேன்.

போன மாதம் ஒரு தங்கை தொலைபேசியில் அழைத்தாள். பல்கலைக்கழகம் முடித்தவள், மூன்று மொழியும் தண்ணீர்பட்டபாடு. ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சி அவளை மன்னாருக்கு வரச் சொல்லியிருக்கிறது. "எவ்வளவு கேட்கலாம் அண்ணா?" என்றாள். தொகையைச் சொன்னேன். கூடவே, காப்புறுதி உண்டா, காசு எந்தத் திகதியில் வரும், பெயர் விடயத்தை யார் முடிவு செய்வது, மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள் என்றேன். அப்படியே கேட்டிருக்கிறாள். மறுநாள் பதில் வந்ததாம்: வேறு ஒருவரைப் பார்த்துக்கொள்கிறோம், நன்றி.

அந்த வேறு ஒருவர் யார் என்று பிறகு தெரிந்தது. எனக்குப் பழக்கமான பையன்தான், தெஹிவளையில் இருக்கிறான். அவனிடம் இன்னும் நான் பேசவில்லை. இந்த ஒலிப்பதிவு முடிந்து வெளியே போனதும் அவனுக்குத்தான் முதல் அழைப்பு.