அன்றாடம் காசு பார்க்கிறவரை நம்பிய வியாபாரம்

(கடலூரில் கல்லூரி மாணவர்களிடம் பேசியது. நேரம் போதாமல் மேடையில் விட்டுப்போன சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். சாதாரண நிலையிலிருந்து தொழிலில் மேலே வந்த ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். எதற்கு வெளியூர் போக வேண்டும், நம்ம கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதனைப் பற்றியே பேசுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். சிக் ஷாம்பு, மீரா, கார்த்திகா, நைல், சின்னீஸ் ஊறுகாய், இதில் ஏதாவது ஒன்று வந்துபோகாத வீடு உங்களில் யாருக்கும் இருக்காது. அதையெல்லாம் செய்கிற கவின்கேர் கம்பெனி கிளம்பியது இந்த ஊரிலிருந்துதான்.

இவர் கதையை மேடையில் சொல்கிறவர்கள் 15,000 ரூபாயில் ஆரம்பித்துக் கோடிகளில் முடிப்பார்கள். ஒன்றுமே இல்லாமல் வந்தார், கோடீஸ்வரர் ஆனார் என்றால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு, நாளைக் காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரியாது. அதனால் நான் அவருடைய அப்பாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

அப்பா பெயர் சின்னி கிருஷ்ணன். முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவில் மட்டும் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அதை 100 கிராம், 50 கிராம், 20 கிராம் என்று சின்னச் சின்னதாகக் கட்டி விற்றவர். பேதி உப்பை 5 கிராம் பாக்கெட்டில் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தவர். தான் செய்கிற எந்தப் பொருளானாலும் கூலி வேலைக்காரரும் ரிக்‌ஷா இழுக்கிறவரும் வாங்கிப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம் என்று மகன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஷாம்பு, எண்ணெய் போன்றவற்றைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் கண்டவரும் அவரே. இனி வரப்போகும் காலத்துக்கு இதுதான் சரக்கு என்று உறுதியாக நம்பினார். ஆனால் அதைப் பெரிய அளவில் விற்று ஜெயித்துக் காட்டும் முன்பே இறந்துவிட்டார்.

இந்தச் சின்னப் பாக்கெட் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இதுதான்.

நம்ம மாவட்டத்தில் யார் கையில் எப்போது காசு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். முதுநகர் துறைமுகத்தில் போட் கரைக்கு வந்து மீன் ஏலம் போனால் அன்றைக்குக் காசு, கடலுக்குப் போகாத நாளில் கிடையாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களுக்கு எத்தனை கிலோ உடைத்தார்களோ அத்தனைக்குத்தான் கூலி. கட்டட வேலைக்குப் போகிற கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் மழை வந்தால் அன்றைய சம்பளம் போச்சு. மாதச் சம்பளக்காரர் பெரிய பாட்டிலாக வாங்குவார், அப்படி வாங்குவதுதான் சிக்கனம் என்றும் சொல்லுவார். சரி, கணக்குப்படி அது சிக்கனம்தான். ஆனால் அந்த மிச்சத்தைப் பிடிப்பதற்கே முதலில் கையில் மொத்தமாகப் பணம் இருக்க வேண்டும். அன்றாடம் காசு பார்க்கிறவர் அன்றாடம்தான் வாங்க முடியும். அவரை ஏழை என்று ஒதுக்கிவிட்டு, நாலு தெருவில் இருக்கிற பாட்டில்காரர்களுக்காக அத்தனை கம்பெனியும் அடித்துக்கொண்டிருந்தபோது, சின்னி கிருஷ்ணன் மிச்சம் இருந்த ஊர் முழுவதையும் தன் வாடிக்கையாகப் பார்த்தார்.

எனக்குத் திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை. வியாழக்கிழமை சாயங்காலம் வந்து நின்று பாருங்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்க வேண்டும் என்று வேலை முடிந்து வருகிற அம்மாக்கள், கம்பியில் தொங்குகிற சரத்திலிருந்து இரண்டு பாக்கெட் கிழித்துக் கொடுக்கச் சொல்வார்கள். வாங்கியதும் நேராகப் பையில் போட மாட்டார்கள். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் ஒரு தடவை பார்ப்பார்கள், ஓரத்தை விரலால் நீவி ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள், அப்புறம்தான் காசு கை மாறும். பாட்டில் வாங்குகிறவர் இவ்வளவு பார்க்க மாட்டார். குறைந்த விலைக்கு வாங்குகிறவர் தரம் பார்க்க மாட்டார் என்று நினைத்துத் தொழில் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என் கடையில் ஒரு வாரம் நின்றால் போதும்.

மகனின் கதைக்கு வருவோம். ரங்கநாதன் படிப்பில் முன்னால் நின்றவர் இல்லை என்று அவரே சொல்கிறார். தமிழ் மீடியத்தில் படித்தார், புறா, மீன், பறவைகள் என்று வளர்த்தார், அதை விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதித்தார். அப்பா போன பிறகு அண்ணன்மார்கள் வெல்வெட் ஷாம்பு பாக்கெட்டைச் சந்தையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள், இவரும் கொஞ்ச காலம் கூட இருந்தார். கருத்து ஒத்துப்போகவில்லை. சொத்து எதுவும் வேண்டாம் என்று, கையில் இருந்த 15,000 ரூபாயோடு வெளியே வந்தார். தனக்குத் தெரிந்தது இரண்டே வேலை, ஒன்று உயிரினங்கள் வளர்ப்பது, இன்னொன்று ஷாம்பு செய்வது என்று யோசித்து, கடைசியில் ஷாம்புவையே எடுத்தார். 1983-ல் சிக் இந்தியா தொடங்கியது, அதுதான் பின்னால் கவின்கேர் ஆனது. அப்பா பெயரின் எழுத்துகளே கம்பெனி பெயர்.

அவரே சொன்ன கணக்கு இது: தொழிற்கூடத்துக்கு மாதம் 300 ரூபாய் வாடகை, பாக்கெட் போடுகிற மெஷின் 3,000 ரூபாய். ஆக, பணம் கொஞ்சம்தான். ஆனால் ஷாம்பு செய்கிற வேலையெல்லாம் வீட்டுத் தொழிலில் நின்று பழகியது. அந்தப் பழக்கத்தை விலைக்கு வாங்கப் போனால் 15,000 ரூபாய் ஒரு மாதத்துக்குக்கூடக் காணாது. அந்த மெஷினைக் கிட்டே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே ஃபிலிம் ரோல், நடுவில் குழாய் வழியாக அளந்து சரக்கு இறங்கும், கீழே சூடான தாடை இரண்டு பக்கமும் அழுத்தி ஒட்டும். சூடு கூடினால் ஃபிலிம் சுருங்கிக் கருகும், குறைந்தால் ஒட்டாது. ஒரு பாக்கெட் ஒழுகினாலே பெட்டி முழுக்கப் பிசுபிசுக்கும், கடைக்காரர் பெட்டியோடு திருப்பிவிடுவார். நீங்கள் மசாலாப் பொடி போட்டாலும் கடலை மிட்டாய் போட்டாலும் அந்தத் தாடைப் பக்கத்தில் நீங்களே நின்று கற்றுக்கொள்ளுங்கள், வேலைக்கு ஆள் வைத்துக்கொள்வது அப்புறம்.

கடன் விஷயம் முக்கியம், கவனமாகக் கேளுங்கள். முதல் வங்கிக் கடன் கிடைக்க அவருக்கு மூன்று வருஷம் ஆனது. அடமானம் கேட்டார்கள், இவரிடம் இல்லை. கடைசியில் ஒரு வங்கி 25,000 ரூபாய் கொடுத்தது. அதை ஒழுங்காகச் சுழற்றிக் கட்டியதில் 4 லட்சமாகி, பிறகு 15 லட்சமானது. அந்த முதல் விண்ணப்பத்தில் வங்கி மேலாளர், இவரிடம் அடமானம் எதுவும் இல்லை, ஆனால் மற்றச் சிறுதொழில்கள் மாதிரி இல்லாமல் இந்தக் கம்பெனி வருமான வரி கட்டுகிறது என்று குறிப்பு எழுதியிருந்தார் என்கிறார் ரங்கநாதன். வரியை மிச்சம் பிடிப்பதுதான் சாமர்த்தியம் என்று உங்களுக்குச் சொல்லித்தர நம்ம தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். இன்றைக்குச் சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் அடமானம் இல்லாமல் 10 லட்சம் வரை கேட்கலாம், அதற்கு மேலும் வழி வந்திருக்கிறது. மாவட்டத் தொழில் மையம் வழியாக, புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது உங்கள் கணக்கைத்தான்.

விற்பனைக்கு அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது காலி பாக்கெட் திட்டம். எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட் ஆனாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். இதில் இருக்கிற யோசனையைப் பாருங்கள்: முதல் கட்டத்தில் அடுத்த கம்பெனி ஷாம்பு போடுகிறவர்கள் தாங்களாகவே கடைக்கு வந்து இவர் சரக்கைக் கையில் வாங்கிப் போனார்கள். இரண்டாம் கட்டத்தில், பிடித்துப்போனவர்கள் இலவசம் வேண்டுமென்று இதையே காசு கொடுத்து வாங்கினார்கள். வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்று ஆள் அனுப்பித் தேடவில்லை. மாதம் 35,000 ரூபாய் விற்பனை 12 லட்சமானது. அப்புறம் மல்லிகை, ரோஜா வாசனையில் கொண்டுவந்தார்கள், 30 லட்சம். நடிகை அமலா விளம்பரத்துக்கு வந்த பிறகு ஒரு கோடி. தலையில் பூ வைக்கிற ஊரில் எந்த வாசனை போகும் என்று அவருக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கிராமங்களில் இன்னொன்று செய்தார்கள். ஷாம்பு என்றால் என்னவென்றே தெரியாத இடத்தில், கூட்டத்துக்கு நடுவில் ஒரு பையனுக்குத் தலை அலசிக் காட்டி, தொட்டுப் பாருங்கள் என்று விட்டார்கள். பேசிப் புரியவைப்பதைவிட அது சீக்கிரம் புரிந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் இறங்கினால் நான் நேர்மையாகப் பேசினேன் என்று ஆகாது. அந்தச் சின்னப் பாக்கெட் இன்றைக்குக் கெடிலம் ஆற்றின் ஓரத்திலும் சாக்கடை வாயிலும் கிடக்கிறது. பால் கவரைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டால் காசு தருவார்கள். ஷாம்பு பாக்கெட்டைத் தொடமாட்டார்கள், காரணம் அது பல அடுக்காக ஒட்டிய ஃபிலிம், பிரித்து உருக்க முடியாது. ஷாம்பு விற்கிற எனக்கும் இதில் பொறுப்பு உண்டு, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அன்றாடம் காசு பார்க்கிற அந்த அம்மாவைப் பாட்டில் வாங்கச் சொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருக்கிற காசுக்கே ஷாம்பு கிடைக்க வேண்டும், குப்பையும் சேரக் கூடாது. பாத்திரம் கொண்டுவந்தால் அளந்து ஊற்றுவதா, ஒரே அடுக்கு ஃபிலிமா, காலி பாக்கெட்டுக்கு மறுபடியும் ஒரு விலை வைப்பதா? வேதியியல் படிக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள், வணிகவியல் படிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு மாதிரி செய்து கொண்டுவாருங்கள், என் கடையில் வைத்து விற்றுப் பார்க்கலாம், வாடகையும் கமிஷனும் வேண்டாம். எது போனது, எது தேங்கியது, யார் என்ன சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள் என்று தினமும் எழுதித் தருகிறேன்.

இப்போது கேள்வி கேட்கலாம். கடன் பற்றிக் கேட்க நினைக்கிறவர்கள் முதலில் கேளுங்கள்.